கார்ச் சாவியைத் தர மறுத்து மருமகனுக்கு

ரெங்கம், ஜொகூர்
திங்கட்கிழமை

பெருமதிப்புக்குரிய மருமகன் மோகனதாஸ் அவர்களுக்கு,

மாமா விசுவலிங்கம் எழுதுவது. நானும் உங்கள் மாமியும் சுகம். கார் மட்டும் சுகமில்லை. ஜொகூர் பாருவில் நீங்களும் மகள் தர்மினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபத்தில் எழுதினால் எனக்குக் கோர்வை தப்பிவிடும். எனவே சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே எண்ணிட்டுத் தருகிறேன்.

1. நீங்கள் அனுப்பிய மலிவான கேஸ்கெட்டின் தரம்.
2. அண்டை வீட்டுத் தங்கராஜுவின் ஒழுங்கீனம்.
3. என் பக்கம் எந்தத் தவறும் நேராதது.
4. ஆகவே சாவியை மகளிடம் ஒப்படைக்க நான் மறுப்பது.

சென்ற மாதம் செடெனாக் அருகே கார் வெள்ளைப் புகை விட்டு நின்றதையும், என்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று குளுவாங் பட்டறையில் சொன்னதையும், அவர்கள் கேட்ட கூலிக்கு இதே வயதுள்ள இன்னொரு கார் வாங்கிவிடலாம் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அன்று மகள் தொலைபேசியில் விதித்த நிபந்தனையையும் அறிவீர்கள். "அப்பா, இன்னொரு தடவ ரோட்டுல நின்னுச்சுன்னா சாவி என்கிட்ட. பேச்சே கிடையாது." நான் சரி என்றேன். எழுபத்து நான்கு வயதில் மகளிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் சாவி போனால், உங்கள் மாமியைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் யாருடைய வாசலிலாவது போய் நிற்க வேண்டும். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்து, பக்கத்து மேசையில் ஒரு பென்சில்கூட இரவல் கேட்காதவன் நான். கைபேசியில் அழைக்கும் வாடகை வண்டிகளோ, ரெங்கம் என்று பார்த்ததும் வரவில்லை என்று சொல்லிவிடுகின்றன.

இந்த நிலையில்தான் நீங்கள், "மாமா, இதெல்லாம் வீட்டுலயே செய்யலாம், ஈசி" என்று ஒரு காணொளியையும், இணையத்தில் வாங்கிய கேஸ்கெட் ஒன்றையும் அனுப்பிவைத்தீர்கள். காணொளியில் கை முழுக்கப் பச்சை குத்திய ஒருவர் எனக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டே ஏழு நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். எங்களுக்கு மூன்று நாட்கள் ஆயின. இதில் யாரை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்கராஜு தோட்டத்தில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கூலி வேண்டாம், மாமியின் மீன் குழம்பு போதும் என்றார். நல்ல மனிதர். ஆனால் கழற்றிய ஆணி, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரே மைலோ டின்னில் போட்டுக் குலுக்குகிறார், மருமகன். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கைக்குத் தெரியும் சார்" என்றார். தலையைப் பிடித்திருக்கும் பத்து போல்ட்டுகளை மட்டும் அவர் கைக்குப் போகவிடாமல் நானே வாங்கி, பிஸ்கட் பெட்டியின் மூடியில் பத்துத் துளையிட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய துளையில் குத்தி, இடமிருந்து வலமாக எண் எழுதி வைத்தேன். தங்கராஜு மூடியைப் பார்த்துவிட்டு, "அலமாக், கல்யாணத்துக்குப் பந்தி வச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். கேலி என்று புரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கேஸ்கெட்டை வைத்து, தலையைத் தூக்கி அமர்த்திவிட்டு, "போல்ட்டு இருக்கட்டும் சார், சாப்ட்டு வந்து நான் முறுக்குறேன்" என்று வீட்டுக்குப் போனார். போனவர் தூங்கிவிட்டார். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. திறந்து கிடக்கும் என்ஜினில் சாரல் அடித்தால் என்ன ஆகும்? அவர் விட்டுச்சென்ற, விசையளவு காட்டும் நீண்ட ஸ்பேனரை எடுத்து நானே முறுக்கினேன். ஒன்றாம் எண்ணில் தொடங்கிப் பத்தாம் எண்ணில் முடித்தேன். ஒவ்வொன்றையும் முழு அளவுக்கு இறுக்கி, தாளில் குறியிட்ட பிறகே அடுத்ததைத் தொட்டேன். ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும் பழக்கம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. தங்கராஜு எழுந்து வந்து இரண்டைத் தட்டிப் பார்த்து, "நல்லா இறுக்கமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் நேற்று உங்கள் வீட்டுக்கு விருந்துக்குப் புறப்பட்டபோது நடந்தது என்ன? லாயாங் லாயாங் ஊரைத் தாண்டும்வரை ஒரு குறையுமில்லை. பிறகு வெப்ப முள் எழும்பத் தொடங்கியது. உங்கள் மாமி மடியில் குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு, "நான் ஒண்டும் சொல்லேல்லை, பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாள். செடெனாக்கில், அதே இடத்தில், அதே வெள்ளைப் புகை. லாரியில் ஏற்றித்தான் வீடு வந்தோம். மகள் தொலைபேசியில் திட்டவில்லை. "சாவிய எடுத்து வைங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருமகன், நிபந்தனை நிபந்தனைதான். ஆனால் மலிவான தகட்டுக்கும் மைலோ டின்னுக்கும் நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. இரண்டு முறை வாசித்து மென்மையாக்கியிருக்கிறேன். சாவியைத் தர இயலாது.

நீங்கள் இருவரும் குறைவின்றி வாழவும், உங்கள் வாகனம் ஒருநாளும் சூடேறாதிருக்கவும் வாழ்த்தும்,
மாமா
க. விசுவலிங்கம்

பி.கு. (வியாழக்கிழமை): உறையை ஒட்டிய பிறகும் இரண்டு நாள் தபாலில் சேர்க்கத் தயங்கினேன். அதற்குள் தங்கராஜு மறுபடி தலையைக் கழற்றினார். தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதுல கொற இல்ல சார். எப்படி முறுக்குனீங்க?" என்று கேட்டார். தாளைக் காட்டினேன். எண்களின் மேல் விரலை ஓட்டினார். "சப்பாத்தி தேய்க்கிற மாதிரி சார். நடுவுலேருந்து ஓரத்துக்குப் போவணும். கொஞ்சம் கொஞ்சமா, மூணு சுத்து. ஓரத்துலேருந்து ஒரே மூச்சா இறுக்குனா தகடு ஒரு பக்கம் சரியா உக்காராது" என்றார். சிரிக்கவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். அதே மலிவான ரகத்தில் இன்னொரு தகடு வாங்கி அவரே முறுக்கினார். இன்று காலை செடெனாக்வரை போய்த் திரும்பினோம், முள் அசையவில்லை.

ஆகவே சாவி மகளுக்குத்தான். தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும் அபாயம் இருப்பதால், சனிக்கிழமை காலை நானே காரை ஓட்டிக்கொண்டு வந்து அவள் கையில் தருகிறேன். என் பக்கம் தவறில்லை என்ற மூன்றாம் குறிப்பு தவறு. அதை அவளிடம் நானே சொல்லுகிறேன். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.