எதிர்க்கட்சியார் குடியிருந்த வீடு

திருகோணமலையில் அவரோடு வாதாடித் தோற்காதவர் எவரும் இல்லை. துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் மட்டும் தமிழ் தெரியாததால் தப்பின. ஊர் அவருக்கு வைத்த பெயர் எதிர்க்கட்சியார். உண்மையில் அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. கட்சியில் இருந்தால் யாராவது ஒருவர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டி வருமே!

வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் இருந்துகொண்டு கீழே நிற்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அப்படியே அகன்றுவிட்டது. சாப்பிடும்போது அவர் "உப்பில்லை" என்றால், கடலில் வலை இழுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய வீட்டுக்கு நேர் எதிரே அந்தப் பகுதி எம்.பி.யின் வீடு. ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவர், சிவப்பு ஓடு, கலியாணம் வைக்கக்கூடிய அளவுக்கு விறாந்தை. பெரிய தலைவர்களெல்லாம் வந்து தங்கிய வீடு. அங்கே நடந்த கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கியை எதிர்க்கட்சியாரின் படுக்கையறை யன்னலைப் பார்த்துத்தான் கட்டினார்கள். எம்.பி. தேர்தலில் தோற்று, வீட்டை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகத் தீர்மானித்தபோது, இவர் தன் வீட்டை விற்று அதை வாங்கினார்.

"குடியிருக்கவோ?" என்று கேட்டார்கள்.

"இடிக்க. இடிச்சுப்போட்டு ஆட்டுக்கொட்டில் கட்டப்போறன். ஆடு கத்தினாலும் அதில ஒரு நியாயம் இருக்கும்."

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து ஊருக்கு வந்த நான் அந்த வீட்டின் பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். இடிக்கும்வரை இருக்கலாம் என்பது நிபந்தனை.

அவர் குடிவந்த மறுநாள் காலையில் ஒரு அம்மா விறாந்தையில் வந்து இருந்தார். ஈச்சிலம்பற்றிலிருந்து மூதூருக்கு வந்து, அங்கிருந்து லாஞ்சிப் படகேறி வந்தவர்.

"ஐயாவைப் பார்க்க வந்தனான்."

"ஐயா தோத்துப்போய்க் கொழும்பில இருக்கிறார்."

"நீங்கள் இருக்கிறியள்தானே."

"நான் அந்தாளின்ர எதிரி, அம்மா."

"அதுக்கு நான் என்ன செய்ய? என்ர மகளுக்கு இது நிறைமாசம். எங்கட ஊருக்குப் போட்ட மருத்துவிச்சி இன்னும் வந்து சேரேல்லை. ஐயாட்டச் சொன்னனான். பார்ப்பம் எண்டவர்."

"பார்த்தவரோ?"

"இல்லை."

எதிர்க்கட்சியாருக்கு அது போதும். சேட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானை வழியில் பூட்டியபடி அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு சுகாதாரக் கந்தோருக்குப் போனார்.

"மருத்துவிச்சி தங்க அங்க வீடில்லை. ஏலாது" என்றார் அதிகாரி.

"உங்களுக்கு ஏலாதெண்டால் எழும்புங்கோ. ஏலுமான ஒராள் அந்தக் கதிரையில இருக்கட்டும்."

குரலின் வேகத்தில் அதிகாரி எழும்பியே விட்டாராம். பின்னால் நின்ற அம்மா மெதுவாக, "எங்கட வீட்டில ஒரு அறை இருக்கு" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. மருத்துவிச்சி மனம் மாறி இடையில் இறங்கிவிடக் கூடாதென்று எதிர்க்கட்சியாரும் லாஞ்சியில் கூடவே போனார். கடல் கொந்தளிக்கவில்லை என்று மூதூர் வரைக்கும் வாதாடிக்கொண்டே வாந்தியெடுத்தார். அந்தப் பிள்ளை சுகமாகப் பிறந்தது.

பிறகென்ன, காலையில் கதவைத் திறந்தால் விறாந்தை நிறைய ஆட்கள். "அந்தாளுக்கு ஏலாததைச் செய்து காட்டத்தான். வேற ஒண்டுமில்லை" என்பார். எம்.பி. காலத்தில் சனம் இருந்த மரவாங்குகளை ஆட்டுக்கென்று கொல்லையில் போட்டிருந்தார்; அவை திரும்ப விறாந்தைக்கு வந்தன. அவருடைய மனைவி மட்டும் முணுமுணுத்தார்: "எம்.பி.யின்ர பெண்சாதி தேத்தண்ணி ஊத்தினதுக்கு ஊர் மாலையாவது போட்டது. நான் என்ன பாவம் செய்தனான்?"

கிண்ணியா வியாபாரி ஒருவர்தான் அவரைச் சரியாகப் படித்தவர். ஒருநாள் வந்து, "ஐயா, எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கிணறு தேவையில்லை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தனான்" என்றார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? பிள்ளையள் தண்ணி குடிக்கிறேல்லையோ?"

மத்தியானத்துக்குள் எதிர்க்கட்சியார் கல்விக் கந்தோரில் நின்றார். கிணறும் வந்தது. அந்த உத்தி ஊரெல்லாம் பரவ, பிறகு விறாந்தையில் பாதிப்பேர் தங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களாகவே இருந்தார்கள்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது பழைய எம்.பி. வந்தார். விறாந்தை நிறைந்த சனத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து கைகூப்பினார். ஒருவரும் எழும்பவில்லை. ஓரத்தில் இருந்த கிழவர் சற்று நகர்ந்து, "இதில இருங்கோ தம்பி. ஐயா உள்ளுக்குச் சாப்பிடுறார்" என்றார். எம்.பி. தன்னுடைய பழைய வீட்டு விறாந்தையில் வாங்கின் நுனியில் இருந்தார்.

எதிர்க்கட்சியார் வெளியே வந்தார். இன்றைக்கு ஓடு பறக்கப்போகிறது என்று நான் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு என்ன குறை?"

"குறையில்லை. வீட்டை ஒருக்காப் பார்ப்பமெண்டு வந்தனான்."

எதிர்க்கட்சியார் வழிவிட்டு, அவரை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குசினி வாசலில் வைத்து எம்.பி. கேட்டது என் காதில் விழுந்தது.

"இவ்வளவு சனத்தையும் எப்பிடிச் சமாளிக்கிறியள்?"

"ஏசித்தான்."

"நானும் ஏசியிருக்கலாம். வாக்குப் போயிடுமெண்டு பயந்தனான்."

போகும்போது ஒரு கூட்டத்துக்கு விறாந்தையைத் தரமுடியுமா என்று கேட்டார். "ஏலாது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் எதிர்க்கட்சியார். வீட்டை இடிக்கும் பேச்சை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சில வருடங்களில் எனக்குப் பதவி உயர்வோடு கொழும்புக்கு மாற்றம் வந்தது. பயந்து பயந்துதான் அவரிடம் சொன்னேன். "நல்லது தம்பி. போயிட்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ பேருக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனிதர் எனக்கு ஒரு மறுப்புக்கூடச் சொல்லவில்லையே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞர் காதைத் தடவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களை அனுப்பக்கூடாதெண்டு விடிய வந்து மேசையில அடிச்சு ஒராள் சத்தம் போட்டிட்டுப் போறார். அவருக்கு நீங்கள் என்ன முறை?"

வாடகைக்கு இருப்பவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.