குளத்துக்குள் நான் கட்டிய பஸ் ஸ்டாண்டு

படம் வரையத் தெரிந்தவனை நம்பி ஊரை ஒப்படைக்கக் கூடாது. நான் சொன்னால் நம்பலாம். ஒரு காலத்தில் என்னை நம்பித்தான் ஒப்படைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலுக்கு இருபது வருஷத் திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஊர் எந்தப் பக்கம் வளரும், குடிதண்ணீருக்கு என்ன வழி, பஸ் எங்கே நிற்கும், மரம் எங்கே நிற்கும் என்றெல்லாம் இப்போதே தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகள் காலத்துக்கும் ஊர் தாங்க வேண்டும் என்று உத்தரவு. ஊரின் வரைபடம் போட, அந்தத் திட்ட ஆபீஸில் என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். (தற்காலிகம் என்றால், மேஜை உண்டு, நாற்காலி, யாராவது லீவு போட்டால் உண்டு.)

படம் நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் கோமதி. மேலநீலிதநல்லூரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்ததாக என் தங்கை துப்பறிந்து சொன்னாள். கோமதியின் அப்பாவுக்கு மட்டும் ‘தற்காலிகம்’ தொண்டையில் இறங்கவில்லை. “பையன் தங்கமான பையந்தான். உத்தியோகம் நிலைக்கட்டும், பொறவு பேசுவோம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆக, ஊரின் இருபது வருஷமும் என் கல்யாணமும் ஒரே தாளில் கிடந்தன.

பஸ் ஸ்டாண்டுக்கு இடம் தேடினேன். ஊருக்கு மேற்கே ஒரு குளம். குளம் என்பது பேச்சுக்குத்தான். நாலு வருஷமாக மழை பொய்த்து, உள்ளே கருவேலம் மண்டி, மிச்ச இடத்தில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. (நானே பந்து போட்டிருக்கிறேன்.) கல் மாதிரித் தரை. சுற்றிலும் கரை, எனவே காம்பவுண்டுச் சுவர்ச் செலவு மிச்சம்! அன்றைய என் தன்னம்பிக்கையைத் தராசில் வைத்தால், மறுதட்டில் கோவில் கோபுரத்தைத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அளந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஆடு மேய்க்கும் இசக்கியம்மா அக்கா வந்து நின்றார்.

“ஏ தம்பி, குளத்துக்குள்ள என்னத்த அடிக்க?”

“பஸ் ஸ்டாண்டு வருதுக்கா.”

“தண்ணி வந்தா?”

“தண்ணி எங்கன இருந்துக்கா வரும்?”

“மேல இருந்துதான். போன தடவையும் அங்கன இருந்துதான் வந்துச்சி.”

நான் சிரித்தேன். “நீங்க நாளைக்கு ஆட்ட எங்கன பத்தணும்னு பாக்கீங்க. நான் ரெண்டாயிரமாவது வருஷத்தப் பாக்கேன்.”

“நல்லாப் பாரு ராசா” என்று சொல்லிவிட்டு, என் முளைக்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்.

பழையதைப் பார்த்து நகலெடுத்த என் படத்தில் அந்த இடத்தில் நீல மை இருந்தது. பிளேடால் சுரண்டினேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு குளத்தைத் தனியாளாகத் தூர்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஆபீஸில் எல்லோருமே மழையை மறந்திருந்த சமயம், ஒருவரும் கேட்கவில்லை. குளத்தின் நடுவில் ‘புதிய பஸ் ஸ்டாண்டு வருமிடம்’ என்று போர்டும் நட்டேன்.

கார்த்திகையில் திருநெல்வேலியிலிருந்து பெரிய இன்ஜினியர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நம் பெருமையை நேரில் பார்க்கட்டுமே என்று கோமதியின் அப்பாவுக்கும் சொல்லி அனுப்பினேன். (சனி நம்மைத் தேடி வருவதில்லை, நாம்தான் ஆள் விட்டு அழைக்கிறோம்.)

முந்தைய இரண்டு நாளும் அடைமழை. நான் ஆபீஸுக்குள் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன். மழை பெய்வது காதில் விழுந்தது. பெய்த மழை எங்கே போய்த் தங்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை வெயில். ஜீப்பில் போய் இறங்கிக் கரைமேல் ஏறினோம்.

எதிரே கடல்.

என் முளைக்குச்சிகள் ஒன்றுகூட இல்லை. போர்டு மட்டும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. தண்ணீர் பார்க்க ஊரே கரையில் கூடியிருந்தது. இசக்கியம்மா அக்கா இருந்தார், ஆடுகளோடு. கோமதியின் அப்பாவும் இருந்தார், துண்டோடு.

இன்ஜினியர் படத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

“எங்கவே பஸ் ஸ்டாண்டு?”

விரலை நீட்டினேன். நீர்க்காகம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

“அண்ணாச்சி, ராயகிரி பஸ் எத்தன மணிக்கு? நீச்சல் தெரியாதவன் ஏறலாமா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“ஏலே, கெளம்பப் போவுது. கண்டக்டர் போர்டு மேல உக்காந்துட்டான் பாரு!” என்றான் இன்னொருவன்.

வேலை போகிறது, கோமதி போகிறாள் என்ற பதற்றத்தில் என் வாய் தானாகப் பேசியது: “சார், இது தற்காலிகத் தண்ணி சார்.”

“தண்ணி நிரந்தரம்வே. நீருதான் தற்காலிகம்.”

கரை முழுக்கச் சிரித்தது. ஆடுகள்கூடச் சிரித்ததாக நினைவு. அங்கேயே ஜீப்பின் பானட்டில் படத்தை விரித்து, நான் சுரண்டிய இடத்தில் என் கையாலேயே நீலம் அடிக்க வைத்தார் இன்ஜினியர். ‘இருபது வருஷமல்ல, எத்தனை வருஷமானாலும் இது குளம்’ என்று ஓரத்தில் எழுதவும் வைத்தார். அந்தத் திட்டத்திலேயே உருப்படியான வரி அதுதான்.

கூட்டம் கலைந்ததும் கோமதியின் அப்பா பக்கத்தில் வந்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க காட்டுல வெறும் தூத்தலோட போச்சி. நீரு முளை அடிச்ச எடத்துல இப்படிப் பெஞ்சிருக்கு.”

“அது தானா பெஞ்சதுங்க…”

“எதுவும் இருக்கட்டும். எங்க காட்டுலயும் வந்து நாலு முளை அடிச்சிட்டுப் போரும், மாப்ள.”

கேலி என்று நினைத்தேன். ‘மாப்ள’ என்றது உறைக்கவே சற்று நேரமானது. மானாவாரி விவசாயிக்கு மாப்பிள்ளையின் உத்தியோகத்தைவிட ராசி பெரிது! தை மாதம் கல்யாணம். வேலை நிரந்தரமாக மேலும் மூன்று வருஷம் பிடித்தது.

குளம் அப்படியே இருக்கிறது. மழை தள்ளிப்போனால் மைத்துனன் இன்றும் போன் செய்கிறான்: “அத்தான், ஒரு நட வந்து முளை அடிச்சிட்டுப் போங்க.”

வீடு கட்ட மனை பார்த்தபோது, சித்திரையில் பிடித்துப்போன இடத்துக்கு ஐப்பசி வரை முன்பணம் கொடுக்க விடவில்லை கோமதி. கொட்டும் மழையில் குடையோடு மனையின் நடுவில் போய் நின்றாள். தண்ணீர் ஏறுகிறதா என்று பாதத்தைப் பார்த்தாள். கணுக்காலைப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்து, ரோட்டில் நனைந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ம். இப்ப அடிங்க முளைய.”