வீட்டுக்கு ஓர் ஆள், வெள்ளை உடுப்பு

புளத்கொகுபிட்டிய,
மார்ச் 23.

அன்பு மச்சான் யோகராஜ் அவர்களுக்கு,

ஏழுமலை எழுதுவது. நானும் உங்கள் அக்கா புஷ்பமும் சுகம். கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். நான் சுகம் என்பதை இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. தோட்டத்தில் வேறு கதை உலாவியதால் எழுத்திலேயே தருகிறேன்.

நம் வீட்டு முன்னறைகள் இரண்டையும் விருந்தினர் விடுதியாக்கி எட்டு மாதம். ஒருவரும் தங்கவில்லை. அன்று முதல் அக்காவுக்குப் படுக்கை குசினி அடுப்புக்குப் பக்கத்தில். சித்திரை வருடப்பிறப்புக்குள் ஓர் ஆளாவது வந்து படுக்காவிட்டால், விடுதி போர்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலை முன்னறைக்கே கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் நீங்கள் சொன்ன பலாங்கொடை வீடியோக்காரர்கள் ஸாஜித்தையும் அவர் தங்கை ஸம்ஹாவையும் அழைத்தேன். தங்கமான பிள்ளைகள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஸாஜித் போனில், "அங்கிள், வெறும் வீட்ட காட்டினா சனம் வராது. பத்துப் பேர் நின்டா நல்லம். வெள்ள உடுப்புன்டா காலை வெளிச்சத்துல பளிச்சென்டு விழும்" என்றார். முப்பத்திரண்டு வருடம் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளைக்கு ஆள் சேர்ப்பது பெரிய வேலையா? தொழிலாளர் லயத்து அழகம்மாவிடம், நாளை ஆறு மணிக்கு நம் வீட்டுக்கு, வீட்டுக்கு ஓர் ஆள், வெள்ளை உடுத்தி வரட்டும் என்று சொல்லியனுப்பினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தோட்டத்தில் அப்படிச் சொல்லியனுப்புவது சாவுக்கு மட்டும்தான். எத்தனையோ சாவுக்கு நானே சொல்லியனுப்பியிருக்கிறேன். அன்று மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

காலையில் நான் பின்பக்கம் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதை முடக்கில் அக்கா காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வேறு சாவு வீட்டுக் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன, நாற்பது பேர் சாவு வீட்டுக்குக் கொடுக்கும் சீனியும் தேயிலையுமாக வந்து நிற்கிறார்கள், அழகம்மா ஓடிவந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், நான் பின்னால் இருப்பது அக்காவுக்குத் தெரியும், அப்படியானால் போனது நீங்கள்தான் என்று முடிவுகட்டி அவளும் உங்கள் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள், மருதமுத்துவின் தப்பு மேளக் கோஷ்டி சாவு அடி அடிக்கத் தொடங்கிவிட்டது. பாதிச் சவரத்தோடு நான் வாசலுக்கு வந்தேன்.

அழகம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப யாருங்க ஐயா செத்தது?"

யாருமில்லை என்றேன். மருதமுத்து கையை நிறுத்தவில்லை. "நீங்க உசுரோட இருக்கிறது சந்தோசந்தாங்க. ஆனா அடிக்க ஆரம்பிச்சத பாதியில நிப்பாட்டக் கூடாது" என்று சொல்லி, முழுதாக அடித்து முடித்தார். ஸாஜித்தும் ஸம்ஹாவும் அழுகை தொடங்கும்போதே வந்து இறங்கியிருந்தார்கள். முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

'தப்பு முழங்க, ஆனந்தக் கண்ணீரோடு வரவேற்கும் வீடு' என்ற தலைப்பில் வீடியோ வந்தது. இரண்டு நாளில் ஊரெல்லாம் பார்த்திருக்கிறது. ஐந்து பேர் போன் எடுத்தார்கள். அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. இரத்தினபுரிக்காரர் ஒருவர், அழுகை எல்லாருக்கும் உண்டா, முன்கூட்டியே சொல்லவேண்டுமா என்று விசாரித்தார். தப்பு அடிப்பதில்லை என்றதும் ஐந்து பேரும் வைத்துவிட்டார்கள்.

அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "உசுரோட வர்றவங்களுக்குச் சாவு மேளம் அடிச்சு என்னால சோறு போட ஏலாது." எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நாளை போர்டைக் கழற்றுகிறேன். நீங்கள் அந்தப் பிள்ளைகளிடம் மனம் நோகாமல் பேசி வீடியோவை நீக்கச் செய்ய வேண்டும்.

வருடப்பிறப்புக்குக் குடும்பத்தோடு வந்து முன்னறையில் தங்குங்கள். உங்களைக் கண்ணால் பார்த்தால்தான் அக்காவுக்கு மனம் ஆறும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கு விசாரிப்பு.

இப்படிக்கு,
அன்பு மச்சான்,
ஏழுமலை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அவிசாவளையிலிருந்து ஒரு குடும்பம் போன் எடுத்தது. வருடப்பிறப்புக்கு முதல் நாளிலிருந்து மூன்று நாளைக்கு இரண்டு அறையும் வேண்டுமாம். பேசியது அக்கா. தப்பு அடிப்பார்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அடிப்பார்கள் என்று அவளும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டாள். மருதமுத்து சாவு அடியை விட்டுத் திருவிழா அடி அடிப்பார். அழுகை உண்டா என்றதற்கு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாளாம். போர்டும் வீடியோவும் இருக்கட்டும். நீங்கள் வரவேண்டாம், படுக்க இடமில்லை.