காப்பு மாஸ்டரும் இருநூறு வாத்துகளும்

கம்ப்யூட்டருக்குக் காப்புக் கட்டுகிறவர் வந்திருக்கிறார் என்றதும் தெருவே திரண்டது. மடிக்கணினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிலர், பழைய பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு சிலர்.

"காப்பு உள்ள போயிடுச்சுன்னா வைரஸ் என்ன, எறும்புகூட நுழையாது. திரை மூலையில பச்சை டிக் எரியுதா? இனிமே பயமே வேணாம்!" என்றார் காப்பு மாஸ்டர்.

எரிந்தது. பட்டதாரிகளும் கும்பிட்டார்கள். பட்டம் வேறு, மூளை வேறு.

தையல் தொழிலாளர் சங்கத்துக் கம்ப்யூட்டருக்கும் காப்பு ஏறியது. அதில்தான் இருந்தது அந்தப் பட்டியல்: கழிப்பறையைப் பூட்டி வைக்கும் கம்பெனி மீது புகார் எழுதிய அறுபது பெண்கள். பெயர் வெளியே போனால் வேலையும் போகும். ஒரே வாரத்தில் பட்டியலின் முதல் மூன்று பேரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு மிரட்டினார்கள்.

"நம்மள்லயே எவளோ போட்டுக் கொடுத்துட்டா" என்றார் சங்கத் தலைவி.

"காப்பை விசாரிச்சீங்களா?" என்றாள் காஜா அக்கா. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். ஓட்டை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே அவள் பிழைப்பு.

"ஏண்டி, அது காவல்காரன்!"

"அவன்கிட்டதானே எல்லா ரூம் சாவியும் இருக்கு? அவன் பையில எவனாவது கைய விட்டா?"

அக்கா சங்கத்துக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கடிதம் தட்டினாள்: 'நாளை காலை பத்து மணிக்கு, சங்க வாசலிலிருந்து இருநூறு வாத்துகளுடன் ஊர்வலம்.' யாருக்கும் அனுப்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஒன்பதரைக்கே சங்க வாசலில் இரண்டு போலீஸ் வேன், நான்கு வலை, ஒரு மாட்டு டாக்டர்.

"வாத்தெல்லாம் எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்த வாத்து சார்?" என்றாள் அக்கா.

"அதான், இருநூறு!"

"எண்ணிக்கைகூட கரெக்டா சொல்றீங்களே! நான் அனுப்பாத லெட்டர் உங்களுக்கு எப்படி சார் வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் வலையைப் பார்த்தார். கூட்டம், வேடிக்கை பார்க்க வந்து நின்ற மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் செருப்பைத் தேடினார். அக்கா இன்ச் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வழியை மறித்தாள்.

"காப்புல ஓட்டை இருக்கும்மா. சர்க்கார் ஆளுங்க அது வழியா பூந்து எல்லாத்தையும் படிப்பாங்க. சொன்னா எவன் வாங்குவான்?" என்றார் மாஸ்டர்.

"அப்போ பச்சை டிக்?"

"அது வெறும் படம்மா. எப்பவும் எரியும்."

தலைவி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மிரட்டலைப் பற்றிப் பேச உள்ளே கூடியிருந்த அறுபது பெண்களும் வெளியே வந்தார்கள்.

"ஒளிச்சு வெச்சது போதும். மூணு பேரைத்தானே கூப்பிட்டீங்க? இதோ, மொத்தப் பேரும் வந்திருக்கோம். ஊர் பார்க்க எங்க புகாரை எழுதிக்குங்க சார்!"

வாத்துப் பிடிக்க வந்தவர் பேனாவைப் பிடித்தார்.

பச்சை டிக்கை இன்னும் கும்பிடுகிறவர்களே, போலீஸ் பாஷையில் காப்பு என்றால் கைவிலங்கு. அடுத்த மாஸ்டர் மாட்டிவிட வரும்போது, சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.