தேர்ச்சி பெறாதவர் தேவை

எங்கள் நாட்டில் தொட்டில் விற்ற கடைகளெல்லாம் கைத்தடி விற்கத் தொடங்கியிருந்த காலம். பிறக்க ஆளில்லை, இருப்பவர்களுக்கோ போக மனமில்லை. தூக்கி உட்காரவைக்கவும் துடைத்துவிடவும் வெளிநாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்தோம். வந்தவர்கள் நம் பண்பாட்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற மேலான கவலையில், பண்பாட்டு ஒன்றிணைப்புத் துறை என்று ஒன்றையும் திறந்தோம்.

அத்துறையின் துணை இயக்குநர் அப்பழுக்கில்லாதவர். அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பார்த்துக்கொள்ள வந்த வெளிநாட்டுப் பெண்ணைப் பெரியவர் 'சிட்டு' என்பார். ஓர் இடத்தில் நிற்க மாட்டாளாம். அவள் தங்கும் அனுமதி முடிகிற சமயம், ஒன்றிணைப்புத் தேர்வுக்குத் துணை இயக்குநர் முன்னாலேயே வந்து நின்றாள். வீட்டு ஆள் என்று சலுகை காட்டுகிறவரா அவர்?

"எங்க அப்பாவ எப்படிக் கூப்பிடுற?"

"அப்பான்னுதான் சார்."

"தப்பு. இங்க யாரும் அடுத்தவங்க அப்பாவ அப்பான்னு கூப்பிடறதில்ல. சரி, அவர் கூப்பிட்டா என்ன பண்ணுவ?"

"உடனே போவேன்."

"உடனேயா?" துணை இயக்குநர் பேனாவை மூடினார். "நான் அவரோட சொந்தப் பிள்ளை. நானே உடனே போறதில்லையேம்மா!"

"தாகமா இருக்கும் சார் அவருக்கு."

"அதெல்லாம் உங்க ஊர்ப் பழக்கம். இங்க இருக்கணும்னா எங்கள மாதிரி இருக்கக் கத்துக்கணும்."

'மேற்படி நபர் இன்னும் பிறந்த நாட்டின் பழக்கங்களிலேயே ஊறிக் கிடக்கிறார்' என்று முடிவாயிற்று. மறுதேர்விலும் தவறினால் விமானம் ஏறவேண்டியதுதான். திரும்பிப் போனால் அவளுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பில் சொன்னதை வீட்டில் பழகினாள். முதல்முறை பெரியவர் "சிட்டு, தண்ணி" என்றதும் கால்கள் தானாக எழுந்தன. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்றாள். பெரியவர் பதறிப்போனார். "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?"

குளியலறைக்குள் போய் அழுதாள். போகப்போக அழுகை நின்றது. செல்போனைப் பார்த்தபடியே தலையாட்ட வந்தது. வாசலில் நின்று "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் நகர்ந்துவிட வந்தது. பெரியவரின் பிறந்தநாளன்று அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள்; அவருக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் மறந்துபோயிற்று.

மறுதேர்வில் துணை இயக்குநர் கண்கலங்கியபடி முதல் வகுப்புத் தேர்ச்சி வழங்கினார். "இனி நீ எங்கள்ல ஒருத்தி!"

அன்று அவர் வீடு திரும்பினால், பெரியவரின் படுக்கை நனைந்து கிடந்தது.

"சிட்டு, அப்பாவுக்குத் துணி மாத்தி விடு."

"எனக்கு எங்க சார் நேரம்? நல்ல ஹோமா பாத்து சேத்துடுங்க. முடிஞ்சப்ப போய்ப் பாத்துக்கலாம்."

பயிற்சி வகுப்பில் அந்தப் பாடத்தை எழுதியவரே துணை இயக்குநர்தான். பெரியவர் மகனிடம் சொன்னார்: "பாவம், இவ பாஸ் பண்ணிட்டா. ஃபெயிலானவ யாராவது இருந்தா கூட்டிட்டு வாடா."

துறை போர்க்கால வேகத்தில் இயங்கியது. திருப்பி அனுப்ப விமான நிலையத்தில் உட்காரவைத்திருந்தவர்களை அதிகாரிகளே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். 'தேர்ச்சி பெற்றவர்கள் நாட்டில் தங்கலாம். தேர்ச்சி பெறாதவர்கள் வீடுகளில் தங்கலாம்' என்று ஆணை பிறந்தது. தேறாத ஆளுக்காக விமான நிலைய வாசலில் குடிமக்கள் வரிசை கட்டினார்கள்.

போன வாரம் அந்த வரிசையில் எனக்குப் பின்னால் சிட்டு நின்றாள். தன் அம்மாவை இங்கே வரவழைத்திருக்கிறாளாம். பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாள்.

"இப்ப வர்றவங்களும் சரியில்ல சார். வந்த கொஞ்ச நாள்லயே நம்மள மாதிரி ஆயிடறாங்க. நாடு எங்க போய் முடியுமோ!"

"அத ஏன் கேக்கறீங்க" என்றேன். சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து அப்பா. அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. போனை அணைத்துவிட்டு ஓரடி முன்னே வைத்தேன்.