பிரபஞ்சம் கண்ணை மூடிய மதியம்

பிரபஞ்சத்துக்கு மூளை உண்டு என்று முறைப்படி தீர்மானம் போட்டு, 'ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை' என்று குறிப்பேட்டிலும் ஏற்றிய முதல் ஆராய்ச்சி நிலையம் என்ற பெருமையை இனி யாராலும் பறிக்க முடியாது. பிரபஞ்சம் அன்றைய கூட்டத்துக்கு வரவில்லை. 'தகவலின்றி விடுப்பு' என்று பதிவாகியிருக்கிறது. மற்றபடி எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

தீர்மானத்துக்கு ஆதாரம் இரண்டு படங்கள். ஒன்றில், விண்மீன் கூட்டங்களுக்கு நடுவே நூல் நூலாகப் படர்ந்து கிடக்கும் பிளாஸ்மா இழைகள், அதாவது கொதித்துக் கொதித்து மின்னேறிப்போன வாயு. மற்றதில் மூளையின் நரம்பு இழைகள். நிலைய இயக்குநர் இரண்டையும் தம் அறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "ஒரே மாதிரி இல்லையே" என்று யாரோ முனகியதும், பிளாஸ்மா படத்துக்குக் கொஞ்சம் இளஞ்சிவப்பு ஏற்றச் சொன்னார். ஏற்றியதும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஆகிவிட்டது. விஞ்ஞானம் என்றால் இதுவல்லவா விஞ்ஞானம்!

படம் போதாது, அலையும் வேண்டும் என்றது குழு. மூளையின் அலையை வரைகிற கருவி பொது மருத்துவமனையில் ஒன்றே ஒன்று இருந்தது. "மூன்று நாள்களுக்கு மட்டும்" என்று கடிதம் கொடுத்து அதை வாங்கிவந்தார்கள். அதை இயக்கத் தெரிந்தவளையும் கூடவே வண்டியில் ஏற்றினார்கள். நோயாளிகளின் தலையில் வயர் ஒட்டுவதே பிழைப்பு என்பதால் அவளுக்கு வயரக்கா என்று பெயர். வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. பிரபஞ்சக் கணக்கில் ஐந்து மாதமெல்லாம் ஒரு நேரமே இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஆனால் வயரக்காவின் தங்கை பிரபஞ்சக் கணக்கில் வாழவில்லை. அவள் தையல்காரி. தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று பத்து நொடி வெறித்துப்போவாள். கூப்பிட்டால் காதில் விழாது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு முறை ஊசி விரலிலேயே இறங்கிவிட்டது. மூளையின் அலையைப் பார்க்காமல் மாத்திரை எழுத மாட்டேன் என்றார் டாக்டர். அலையைப் பார்க்கிற கருவியோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வயரக்கா இயக்குநர் முன்னால் போய் நின்றாள்.

"சார், கருவி எப்ப திரும்பப் போகும்? என் தங்கச்சி மாதிரி எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

"ஏம்மா, இங்க கோடிக்கணக்கான விண்மீன் கூட்டம் காத்துக்கிட்டிருக்கு. அதுங்க ஏதாவது முணுமுணுக்குதா?" என்றார் இயக்குநர். பெரிய மனிதர்களின் பார்வை எப்போதுமே தொலைவில்தான் இருக்கும்.

ஒருநாள் அவளிடமே கருத்துக் கேட்டார்கள். தொலைநோக்கியிலிருந்து வரும் குறிகளை அவள் கருவிக்குள் விட்டு, வளைவு வளைவாக வரைந்து வைத்திருந்தார்கள். "சொல்லுங்க, மூளை அலை மாதிரியே இல்ல?"

"வயரைச் சும்மா மேசை மேல போட்டாலும் இப்படித்தான் ஏதாவது கிறுக்கும் சார்."

"அப்ப மூளைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்ணை மூடச் சொல்லுவேன். மூடினா அலை மாறும். திறந்தா பழையபடி ஆயிடும்." ஆளை விட்டால் போதும் என்றுதான் சொன்னாள்.

குழு அதைச் சிரமேற்கொண்டது. பிரபஞ்சத்துக்கு வானொலியில் கோரிக்கை அனுப்புவது என்று முடிவாயிற்று. 'கண்ணை மூடு' என்று ஒருமையில் சொல்வது மரியாதையா என்று தத்துவப் பேராசிரியர் கொதித்தார். ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பின், 'தாங்கள் கண்களைச் சற்றே மூடித் திறக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று வாசகம் தயாரானது.

தொலைநோக்கிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "சார், இது அங்க போய்ச் சேரவே இருநூறு கோடி வருஷம் ஆகுமே."

"அதுக்குத்தான மேல 'அவசரம்'னு போட்டிருக்கோம்?" என்றார் இயக்குநர்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோரிக்கை புறப்பட்டது. பகல் ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். வயரக்கா கருவி அறையின் பின்கதவைத் திறந்து தங்கையை உள்ளே விட்டாள். தொலைநோக்கியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டாள். தங்கையின் தலையில் பசை தடவி, வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். கருவி வரைவது கூட்ட அறையின் பெரிய திரையில் தெரியும், காகிதச் சுருளும் அங்கேதான் வந்து விழும் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று மணி வரை அந்த அறையில் ஈ காக்கை இருக்காது என்பதும் தெரியும். அன்றைக்குப் பார்த்து, பிரபஞ்சத்தின் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று குழு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, யாராவது வந்துடப் போறாங்க."

"சாப்பாட்டு நேரத்துல இவங்க எதையும் யோசிக்க மாட்டாங்க. கண்ணை மூடு."

மூடினாள்.

"திற."

சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது. அது ஏன் என்று பின்னால் குறிப்பேட்டைப் படித்துத்தான் வயரக்கா தெரிந்துகொண்டாள்: 'பகல் 1.32: பிரபஞ்சம் கண் மூடியது. 1.33: திறந்தது. ஒத்துழைப்பு திருப்திகரம். அனைவரும் எழுந்து நின்றோம்.'

"இப்ப மூணு நிமிஷம் நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடு. அப்பதான் அந்த வெறிப்பு வரும்."

இரண்டாவது நிமிடத்தில் தங்கையின் கண்கள் அப்படியே நிலைகுத்தின. கருவியில் அலைகள் திடுதிடுவென்று எழும்பிக் கூர்கூராக நின்றன. இத்தனை மாதமாகக் கையில் சிக்காமல் போன சனியன் இதோ காகிதத்தில் மாட்டிக்கொண்டது! வயரக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

தங்கைக்கு நினைவு திரும்பியது. "யாருக்குக்கா கைதட்டறாங்க?"

வயரக்கா கூட்ட அறைக்கு ஓடினாள். இயக்குநர் காகிதச் சுருளை இரு கைகளிலும் ஏந்தி நின்றார். தத்துவப் பேராசிரியர் தேம்பிக்கொண்டிருந்தார். "மகா சிந்தனை! இந்தக் கூர்மையைப் பாருங்க!"

"சார், அது என் தங்கச்சி தலை. அந்தக் கூர்மையெல்லாம் அவளோட வலிப்பு. குடுங்க, டாக்டர்கிட்ட காட்டணும்."

சாதாரண ஆளாக இருந்தால் இந்த இடத்தில் முகம் செத்திருக்கும். இயக்குநர் அரை நிமிடம்தான் எடுத்துக்கொண்டார்.

"பிளாஸ்மாவும் மூளையும் ஒண்ணுன்னு அஞ்சு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன். இன்னைக்கு இத்தனை அறிஞர்களாலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. இதைவிட என்னய்யா நிரூபணம் வேணும்?"

மறுபடியும் கைதட்டல். சுருளைக் கண்ணாடி போட்டு மாட்டுவது, கருவி அறையைப் பூட்டி முத்திரை வைப்பது, ஆய்வறிக்கை வெளியான பிறகு வயரக்காவுக்கு ஒரு நகல் தருவது என்று மளமளவென்று தீர்மானங்கள் பறந்தன. "அறிக்கை எப்ப வரும்?" என்று கேட்டாள். "அடுத்த வருஷம்" என்றார் செயலர்.

வயரக்காவுக்கு வந்ததே கோபம்! அலமாரியைத் திறந்தாள். ஐந்து மாதப் பிளாஸ்மா சுருள்கள் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை உருவி, இயக்குநர் முன்னால் நீட்டினாள்.

"சரி சார். ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்தப் பிளாஸ்மாவைக் கண்ணாடி போட்டு மாட்டிக்குங்க. அதை என்கிட்ட குடுங்க. யாருக்கும் நஷ்டமில்லை."

இயக்குநர் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "நல்லா இருக்கே கதை! அது வெறும் இரைச்சல்மா. இதுலதான் உயிர் இருக்கு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும், இது வேற, அது வேற!"

இயக்குநர் வாயிலிருந்து எது விழுந்தாலும் எழுதிக்கொள்வது செயலரின் இருபது வருடப் பழக்கம். பேனா நின்றது. "சார்... 'இது வேற, அது வேற'. இதைத் தீர்மானமா எழுதிக்கட்டுமா, கருத்தாவா?"

இயக்குநரின் கைகள் தளர்ந்தன. வயரக்கா சுருளை உருவிக்கொண்டு நடந்தாள். அன்று சாயங்காலமே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எது மூளை, எது வெறும் வாயு என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடும் இயக்குநரின் கூரிய கண்ணை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அந்தக் கண் அவருக்கு, இளஞ்சிவப்பு ஏற்றச் சொன்ன முதல் நாளே இருந்தது. கருவி இன்னும் அங்கேதான் இருக்கிறது.