ஹெட்போன் கொள்முதல் காண்டம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் சாதனை எது என்று யாராவது கேட்டால், கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கியதுதான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். மலிவான ஹெட்போன்தான். ஆனால் மலிவாக வாங்குவது அவ்வளவு லேசுப்பட்ட காரியமா? பணம் உள்ளவன் கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை உயர்ந்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். அறிவுள்ளவன் அப்படிச் செய்ய மாட்டான்.

கண்காணிப்பாளர் அறிவுள்ளவர். அவர் பிரிவில் ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு மூன்று கொட்டேஷன் வேண்டும், ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும், அதன் கீழே அவர் கையெழுத்து வேண்டும். ஒருமுறை கோடைக்கென்று கேட்ட மின்விசிறிக்கு அவர் ஒப்புதல் அளித்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, அவசரப்பட்டு வாங்கியிருந்தா இப்ப சும்மாதானே கிடக்கும்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை அந்த அலுவலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் அவர் மனைவி ஒரு கோரிக்கை வைத்தார்.

மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். மேற்பதவிக்கான தேர்வு நாற்பது நாளில் வரவிருந்தது. வயது வரம்பின்படி அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. வீட்டில் இருந்தது ஒரே மேசை, அது இருந்தது முன்னறையில். அதே முன்னறையில்தான் கண்காணிப்பாளர் தினமும் மாலையில் கைப்பேசியில் பீரங்கிப் போர் நடத்துவார். போர் ஓய்ந்தால் பழைய பாட்டு. பாட்டு முடிந்தால் மறுபடி போர்.

"காதுல மாட்டிக்கிற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு வாங்கிக்குங்க. நாப்பது நாள் எனக்குச் சத்தம் இல்லாம இருந்தா போதும்" என்றார் மனைவி.

"ஏதாச்சும் ஒண்ணா?" கண்காணிப்பாளர் துடித்துப் போனார். "ஏதாச்சும் ஒண்ணுன்னு ஒரு பொருள் உலகத்துலயே கிடையாது. விவரக்குறிப்பு வேணும்."

அன்றே வீட்டில் 'உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், உறுப்பினர் ஆகிய மூவரும் அவரே. தொழில்நுட்ப ஆலோசகராக, கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மனைவியின் தம்பி வரவழைக்கப்பட்டார்.

"மாமா, இதுல என்ன இருக்கு?" என்றார் ஆலோசகர். "வயர் வச்சதா வாங்குங்க. வயர் இல்லாததுன்னா நீங்க சுட்டப்புறம் ஒரு நொடி கழிச்சுதான் குண்டுச் சத்தம் வரும். ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி கேக்கணும், ஒரு மணி நேரம் போட்டா காது வலிக்கக் கூடாது. அவ்வளவுதான். என் கடையிலயே ஒண்ணு தொங்குது. நல்லா இருக்கும். நாளைக்கே கொண்டாரட்டுமா?"

"மச்சான், என்ன பேச்சு பேசுற? சொந்தக்காரன் கடையிலயா? நாளைக்கு ஒருத்தன் விரல் நீட்டிக் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"யாரு மாமா கேக்கப் போறா?"

"அது வேற விஷயம்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்த அலைச்சலுக்கு ஒரு கண்ணியத்தைத் தேடித் தந்தவர் கண்காணிப்பாளர்தான். விமர்சனக் காணொளிகளை ஒன்று விடாமல் பார்த்தார். பாட்டுக்கு உகந்தது போருக்கு ஆகாது என்றார்கள். போருக்கு உகந்தது பாட்டைக் கெடுக்கும் என்றார்கள். இரண்டுக்கும் உகந்ததை வாங்கியவர்களோ, மூன்றே மாதத்தில் வயர் அறுந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினார். மேசை அதற்குத் தேவைப்பட்டதால் மனைவியின் புத்தகங்கள் நாற்காலிக்கு மாறின.

முன்பு மாலையில்தான் சத்தம். இப்போது காலையிலும் சத்தம். பன்னிரண்டாம் நாள் மனைவி பொறுக்க முடியாமல் கேட்டார்.

"எது நல்லா கேக்குதுன்னு இப்ப எதுலங்க கேட்டுப் பாக்குறீங்க?"

"கைப்பேசி ஸ்பீக்கர்லதான். ஹெட்போன் எங்க இருக்கு?"

"ஸ்பீக்கர்ல கேட்டா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்க வேண்டியிருக்கு. நீ கொஞ்சம் சத்தம் போடாம படி."

மனைவி புத்தகங்களோடு மாடிப்படிக்குப் போனார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேசையாக்கிக்கொண்டு, ஏறி இறங்குபவர்களுக்குக் காலை ஒடுக்கி வழிவிட்டபடி படித்தார். ஆராய்ச்சிக்கு இடம் விட்டு உதவியதற்காக ஒப்பீட்டுப் பட்டியலின் அடியில் அவருக்கு ஒரு வரி நன்றி தெரிவிக்கப்பட்டது.

இருபத்தைந்தாம் நாள் மனைவி ஒரு படிவத்தோடு உள்ளே வந்தார். "இதுல ஒரு கேள்விங்க. பாஸானா வெளியூருக்கு மாத்தினாலும் சம்மதமான்னு கேட்டிருக்காங்க. என்ன போடட்டும்?"

கண்காணிப்பாளர் அப்போது பட்டியலில் நான்காம் இடத்திலிருந்த ஹெட்போனின் அடிநாதத்தைக் காணொளியில் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

"சம்மதம்னு போடட்டுமா?"

"ம்."

"உங்களத்தாங்க கேக்குறேன்."

"ம், ம்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழித்துவிட வேண்டாம். அவர் செவிடரல்ல. நாட்டிலேயே அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுகள் அவருடையவை. மனைவி பேனாவை எடுத்து ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு மாடிப்படிக்குத் திரும்பினார்.

தேர்வு முடிந்த மறுநாள் ஹெட்போன் வந்து சேர்ந்தது. வயர் வைத்தது. இரண்டு காதிலும் ஒரே மாதிரி கேட்டது, வலிக்கவில்லை. பெட்டியைப் பார்த்த மைத்துனர், "மாமா, இதேதான் என் கடையில தொங்குது" என்றார். "அப்ப என் ஆராய்ச்சி சரின்னு ஆகுது பாத்தியா?" என்று கண்காணிப்பாளர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

தேர்வு முடிவும் ஒருநாள் வந்தது. மனைவி தேறிவிட்டார். ரயிலில் ஒரு பகல் தூரத்திலுள்ள ஊரில் பதவி. உத்தரவை மேசைமேல் வைத்து, போரில் மூழ்கியிருந்தவரின் காதிலிருந்து ஒரு பக்கத்தை விலக்கி விஷயத்தைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்."

கண்காணிப்பாளர் உத்தரவை இரண்டு முறை படித்தார். பீரங்கிகள் தாமாகவே தோற்றுக்கொண்டிருந்தன.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே?"

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் 'ம்'னீங்க."

"அது... அது சரி, அதுக்காக இப்படியா? ஒரு ஹெட்போனுக்கே நான் எவ்வளவு யோசிச்சேன்! நீ பாட்டுக்கு அவசரப்பட்டு முடிவெடுத்துட்டியே!"

மனைவி பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தார்.

"அவசரப்பட்டு நான் எடுத்த முடிவு வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதாங்க. ஒரு காபி குடிச்சு முடிக்கிற நேரம் உங்களப் பாத்துட்டு, சரின்னு சொன்னேன். அன்னைக்கே மூணு கொட்டேஷன் வாங்கியிருக்கணும்."